மணிக்கட்டு வாசல்: நாடிக்குழாயும் ஹெப்பாரினும்

திருப்பரங்குன்றம் மலையைச் சுற்றிக் காலை நடை போகிற எங்கள் வயதுக்காரர்களிடம் ஒரு கேள்வி புதிதாகச் சேர்ந்திருக்கிறது. முன்பெல்லாம் "ஆஞ்சியோ பார்த்தாச்சா?" என்று மட்டும் விசாரிப்பார்கள். இப்போது "கையிலா, தொடையிலா?" என்றும் கேட்கிறார்கள். கையில் என்று சொன்னால், "அப்ப ஒண்ணுமில்ல, மறுநாளே வீட்டுக்கு வந்துடலாம்" என்று தைரியம் சொல்வார்கள். தொடை என்றால் ஒரு பரிதாபப் பார்வை. சர்க்கரை அளவு, ரத்த அழுத்தம், பென்ஷன் அரியர்ஸ், அதற்கு அடுத்த விஷயம் இதுதான்.

இந்தக் கை வழி எப்படி வந்தது, அதற்கு நோயாளியின் கை என்ன விலை கொடுத்தது, அந்த விலையை எப்படிக் குறைத்தார்கள் என்று எழுத வேண்டும் என்று சில மாதமாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். காரணம் ஒரு நண்பர். ஓய்வு பெற்ற அரசு ஊழியர்தான். மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோகிராம் செய்துகொண்டார். பெரிய அடைப்பு இல்லை, மாத்திரை போதும் என்று அனுப்பிவிட்டார்கள். ஏழெட்டு மாதம் கழித்து மூட்டுவலிக்காக ஒரு சித்த வைத்தியரிடம் போனார். ஆண்களுக்கு வலக்கையில் நாடி பார்ப்பது அவர்கள் வழக்கம். வைத்தியர் மூன்று விரலை வைத்தார், நகர்த்தினார், மறுபடி வைத்தார். "ஐயா, இந்தக் கையில நாடியே பேசலையே" என்றாராம். இடது கையில் நன்றாகத் துடித்தது. பயந்துபோய் ஸ்கேன் எடுத்ததில், வலது மணிக்கட்டின் ரத்தக்குழாய் அடைத்துப் பல மாதமாகிவிட்டது என்று தெரிந்தது. அத்தனை நாளும் வலி இல்லை, மரத்துப்போகவில்லை, கை நிறம் மாறவில்லை. அதே கையால்தான் சாப்பிட்டார், கையெழுத்துப் போட்டார், பேரனைத் தூக்கினார்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். டாக்டர்கள் இதை ரேடியல் என்பார்கள். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் ஆரத்தமனி. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு இது 'ஆர்த்தேர் ராதியால்' என்றுதான் மனப்பாடம். கட்டைவிரல் பக்கமாக, மணிக்கட்டில் நாடி பிடிக்கும் இடத்தில் ஓடுகிற குழாய் என்பதால் இங்கே நாடிக்குழாய் என்றே எழுதுகிறேன். சுண்டுவிரல் பக்கம் இன்னொரு குழாய் வருகிறது. இரண்டும் உள்ளங்கையில் வில் போல வளைந்து ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. இரண்டு வாய்க்கால் பாயும் கண்மாய் மாதிரி. ஒரு வாய்க்கால் தூர்ந்துவிட்டாலும் மற்றது தண்ணீர் கொண்டுவரும். கரையில் நின்று பார்க்கிறவனுக்குக் கண்மாய் நிறைந்துதான் தெரியும். என் நண்பருக்கு ஒன்றும் தெரியாமல் போனதற்கு இதுதான் காரணம்.

ஒன்றும் தெரியவில்லை என்றால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் பிறகு வரும். அடைத்துப்போன குழாய் வழியாக அடுத்த முறை ஆஞ்சியோ செய்வது கடினம். நம் வயதில் அடுத்த முறை என்று ஒன்று வரத்தான் செய்கிறது. பைபாஸ் ஆபரேஷனில் இந்தக் குழாயையே எடுத்து இருதயத்தில் ஒட்டுப்போடுவதும் உண்டு. பாரிஸில் அலேன் கார்ப்பாந்தியே 1971இல் அதைத் தொடங்கினார். ஒட்டுகள் சுருங்கி அடைத்துக்கொள்கின்றன என்று கைவிட்டார்கள். பல வருஷம் கழித்து அந்தப் பழைய நோயாளிகளில் சிலரைப் பார்த்தபோது ஒட்டுகள் திறந்தே இருந்தன. அதன் பிறகு 1992 வாக்கில் கிறிஸ்தோஃப் அக்கார் அதற்கு மறுபடி உயிர் கொடுத்தார். மூன்றாவது காரணம் நம் ஊருக்கு மிகவும் பொருந்தும். சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் வரைக்கும் போகிறவர்களுக்கு மணிக்கட்டில்தான் ஃபிஸ்டுலா போடுகிறார்கள். 1966இல் நியூயார்க்கில் ப்ரெஷியா, சிமினோ என்ற டாக்டர்கள் வகுத்த முறை அது. நாடிக்குழாயைப் பக்கத்து நரம்போடு தைப்பார்கள். (நரம்பு என்று நாம் சொல்வது சிரை. வழக்கத்தை விட முடியவில்லை.) அந்தக் குழாய் ஏற்கெனவே அடைத்திருந்தால் வேறு இடம் தேட வேண்டும். இருதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்கிறவர்கள் நம் தெருவுக்கு இரண்டு பேராவது இருப்பார்கள்.

இனி சரித்திரம்.

இருதயத்துக்குள் குழாய் விடலாம் என்று முதலில் காட்டியவர் வெர்னர் ஃபோர்ஸ்மான் என்ற ஜெர்மானிய இளம் டாக்டர். 1929இல் எபர்ஸ்வால்ட் என்ற சிற்றூர் ஆஸ்பத்திரியில், மேலதிகாரியின் அனுமதி இல்லாமல், தன் கை நரம்பிலேயே ஒரு மெல்லிய குழாயைச் செலுத்திக்கொண்டு, அப்படியே நடந்து போய் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். குழாயின் முனை இருதயத்தின் வலப்பக்க அறையில் இருந்தது. பாராட்டுக்குப் பதிலாக வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. 1956இல் நோபல் பரிசு கொடுத்தபோது, பாரிஸில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஆந்த்ரே கூர்னான், டிக்கின்சன் ரிச்சர்ட்ஸ் ஆகியோரோடு அவரையும் சேர்த்தார்கள். அனுமதி இல்லாமல் செய்த காரியத்துக்கு இருபத்தேழு வருஷம் கழித்துப் பின்னேற்பு ஆணை வந்தது என்று எங்கள் ஆபீஸ் பாஷையில் சொல்லலாம்.

இருதயத்தின் சொந்த ரத்தக்குழாய்களைப் படம் பிடிப்பது 1958இல் க்ளீவ்லாந்தில் தற்செயலாக நடந்தது. மேசன் சோன்ஸ் என்பவர் வேறொரு படம் எடுக்கப்போய், சாயம் நோயாளியின் வலது இருதயக் குழாய்க்குள் நேராகப் போய்விட்டது. நோயாளி பிழைத்தார், படமும் கிடைத்தது. சோன்ஸ் முழங்கை மடிப்பில் கீறித்தான் குழாய் விட்டார். 1967இல் மெல்வின் ஜட்கின்ஸ் தொடை வழியைச் சுலபமாக்கினார். அதன்பின் உலகம் முழுவதும் தொடைதான். 1977இல் ஜூரிக்கில் ஆந்த்ரேயாஸ் க்ருன்ட்ஸிக் பலூன் விட்டு அடைப்பை விரித்ததும் தொடை வழியாகத்தான். அவரிடம் பயின்ற மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1986இல் சென்னையில் அந்த வைத்தியத்தைத் தொடங்கியபோது, இந்தியாவுக்கே அது புதிது.

தொடை வழியில் செய்துகொண்டவர்களுக்கு அந்த இரவு நினைவிருக்கும். குழாயை எடுத்ததும் ஒருவர் தொடை இடுக்கில் உள்ளங்கையை வைத்து அரைமணி நேரம் அழுத்துவார். பிறகு மணல் மூட்டை. காலை மடக்கக்கூடாது, தலையைத் தூக்கக்கூடாது, ஆறு மணி நேரமோ அதற்கு மேலோ மல்லாந்தபடியே. ஆண்கள் மல்லாந்து படுத்து ஒன்றுக்குப் போவது எவ்வளவு கஷ்டம் என்பதை இந்தப் பக்கத்தில் விவரிக்க வேண்டியதில்லை. அசௌகரியத்தை விடப் பெரிது ரத்தக்கசிவு. தொடைக்குழாய் ஆழத்தில் ஓடுகிறது. உள்ளுக்குள் கசிந்தால் வெளியே தெரிய நேரமாகும்.

1986 மார்ச்சில் பிரான்ஸின் துலூஸ் நகரில் ஜாக் ப்யுவேல் மனித இருதயக் குழாயில் முதல் ஸ்டென்ட் வைத்தார். ஸ்டென்ட் என்பது உலோக வலைச்சுருள். வைத்த இடத்தில் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும் என்ற பயத்தில் அந்தக் காலத்தில் நோயாளிக்கு ஹெப்பாரின், ஆஸ்பிரின், வார்ஃபரின் என்று உறைவுத் தடுப்பு மருந்துகளை அடுக்கினார்கள். ஸ்டென்ட் திறந்திருந்தது, தொடையில் ரத்தம் நிற்கவில்லை. ஒரு சிலருக்கு ரத்தம் ஏற்றவும், குழாயைத் தைக்கவும் வேண்டியிருந்தது. ரத்த உறைவைத் தடுக்கிற மருந்துதான் டாக்டர்களைத் தொடையிலிருந்து மணிக்கட்டுக்கு விரட்டியது என்று சொன்னால் மிகையில்லை.

மணிக்கட்டு வாசலைத் திறந்தவர் மொந்த்ரேயால் இருதய நிலையத்தின் லூசியன் காம்ப்போ. கனடாவின் பிரெஞ்சுக்காரர். நெஞ்சுவலியை நான்கு தரமாகப் பிரிக்கிற அளவுகோலை 1976இல் எழுதியவரும் அவரே. "எத்தனை மாடி ஏறினால் வலிக்கிறது?" என்று டாக்டர் கேட்கிறாரே, அந்தக் கேள்விக்குப் பின்னால் காம்ப்போ நிற்கிறார். 100 பேரிடம் நாடிக்குழாய் வழியாக ஆஞ்சியோகிராம் முயன்று பார்த்து 1989இல் அறிக்கை வெளியிட்டார். ஆம்ஸ்டர்டாமில் ஃபெர்டினாண்ட் கீமனே அதைப் படித்துவிட்டு 1992இல் அதே வழியில் பலூன் சிகிச்சை செய்தார், பிறகு ஸ்டென்டும் வைத்தார். மணிக்கட்டுக் குழாய் எலும்பின் மேல், தோலுக்கு அடியிலேயே இருக்கிறது. கசிந்தால் கண்ணில் படும், ஒரு விரலால் அழுத்தினால் நிற்கும். நோயாளி எழுந்து நடந்தே கழிப்பறைக்குப் போகலாம். 2011இல் வெளியான ரைவல் ஆய்வில் 32 நாடுகளின் 7,021 நோயாளிகளைக் கை, தொடை என்று இரண்டாகப் பிரித்துப் பார்த்தார்கள். ரத்தக்குழாய் சம்பந்தமான பெரிய சிக்கல் தொடையில் 100க்கு 3.7 பேருக்கு, கையில் 1.4 பேருக்கு.

ஆனால் குழாய் சிறிது. இங்கே அளவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல ஆசை. எனக்கு ஆஞ்சியோகிராம் நடந்தபோது நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். டாக்டர் உதவியாளரிடம் "சிக்ஸ் ஃபிரெஞ்ச்" என்று கேட்டது காதில் விழுந்தது. அந்த நிலைமையிலும் பழைய பள்ளிக்கூட ஞாபகம் வந்து சிரிப்பு வந்துவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸில் மருத்துவக் கருவி செய்துகொண்டிருந்த ஷாரியேர் என்பவர் குழாய்களின் பருமனுக்கு ஓர் அளவு வைத்தார். மூன்று ஃபிரெஞ்ச் என்றால் ஒரு மில்லிமீட்டர் விட்டம். ஆறு ஃபிரெஞ்ச், இரண்டு மில்லிமீட்டர். பிரெஞ்சுக்காரர்கள் இதற்கு ஷாரியேர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ஊர் உலகமெல்லாம் மனிதனின் பெயரை விட்டுவிட்டு தேசத்தின் பெயரை வைத்துக்கொண்டது. நாடிக்குழாயோ இரண்டிலிருந்து மூன்று மில்லிமீட்டர்தான், பெண்களுக்கு இன்னும் சிறிது. முதலில் ஒரு உறைக்குழாய் உள்ளே போகிறது, அதற்குள்ளேதான் மற்ற குழாய்கள். ஆறு ஃபிரெஞ்ச் உறையின் வெளிப்பருமன் இரண்டு மில்லிமீட்டருக்கும் மேலே. கிட்டத்தட்டக் குழாய் முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும்.

ரத்தம் ஏன் உறைகிறது என்பதற்கு 19ஆம் நூற்றாண்டின் ருடால்ஃப் விர்க்கோவின் பெயரால் மூன்று காரணங்களைச் சொல்வார்கள்: ஓட்டம் நிற்பது, குழாயின் உட்சுவர் காயப்படுவது, ரத்தத்துக்கே உறையும் குணம் மிகுவது. மணிக்கட்டு ஆஞ்சியோவில் முதல் இரண்டும் நிச்சயமாக உண்டு. உறை உள்ளே இருக்கும்வரை ஓட்டம் குறைவு. அது உரசுவதால் சுவரில் காயம். வெளியே எடுத்தபின் ரத்தம் நிற்பதற்காக அழுத்திக் கட்டும்போது ஓட்டம் அறவே நின்றுவிடுகிறது.

இதற்கு மருந்து ஹெப்பாரின். அதன் பிறப்பும் ஒரு கதைதான். 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், வில்லியம் ஹவல் என்ற பேராசிரியரின் கீழ், ரத்தத்தை உறையவைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். நாயின் கல்லீரலிலிருந்து எடுத்த ஒரு சாறு நேர்மாறாக நடந்துகொண்டது. பேராசிரியர் நம்பவில்லை. ஒரு கண்ணாடிக் குவளையில் பூனையின் ரத்தத்தை ஊற்றி, அந்தச் சாற்றைக் கலந்து, ஹவலின் மேஜையில் வைத்து, உறைந்ததும் சொல்லுங்கள் என்று மெக்லீன் கேட்டுக்கொண்டாராம். அது உறையவே இல்லை என்று பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். 1918இல் ஹவல், கல்லீரலுக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து ஹெப்பாரின் என்று பெயர் வைத்தார். மெக்லீன் கண்டதும் ஹவல் பிறகு பிரித்ததும் ஒரே பொருள்தானா, பெருமை யாருக்கு என்று வெகுகாலம் வழக்கு நடந்தது. கீழே இருப்பவன் எழுதிய குறிப்பில் மேலே இருப்பவர் கையெழுத்துப் போடுகிற விஷயம் என்பதால் எனக்கு மெக்லீன் பக்கம்தான் அனுதாபம்.

ஆராய்ச்சிச் சாலைப் பொருளை மனிதனுக்கு ஏற்றும்படி சுத்தம் செய்தது 1930களில். டொரண்டோவில் இன்சுலின் புகழ் சார்லஸ் பெஸ்ட்டின் குழு மாட்டின் ஈரலிலிருந்தும் நுரையீரலிலிருந்தும் எடுத்தது. ஸ்வீடனில் எரிக் யோர்ப்பெஸ் அதே வேலையில் இருந்தார். இன்றைக்குப் பெரும்பாலும் பன்றிக் குடலின் உட்படலத்திலிருந்து வருகிறது. சைவமா அசைவமா என்று கேட்கிற நிலையில் அந்த மேஜையில் யாரும் இருப்பதில்லை.

ரத்தம் நீர்க்கும் மருந்து என்று நாம் சொல்கிறோம். மோரில் தண்ணீர் விட்டது போல ரத்தம் நீர்த்துப்போவதாக அர்த்தமில்லை. நம் ரத்தத்திலேயே உறைவைத் தடுக்கும் ஒரு புரதம் இருக்கிறது. ஹெப்பாரின் அதைப் பிடித்து ஆயிரம் மடங்கு வேகமாக வேலை செய்யவைக்கிறது. ஊசி போட்டவுடன் பலன், ஒன்றிரண்டு மணி நேரத்தில் பெரும்பாலும் தீர்ந்துவிடும். இந்தக் குறைந்த ஆயுளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

தொடை வழியாக வெறும் படம் மட்டும் எடுக்கும்போது ஹெப்பாரின் கட்டாயமில்லை. தொடைக்குழாய் பெரிது, ரத்தம் தாராளமாக ஓடும். அதே பழக்கத்தை மணிக்கட்டுக்கும் கொண்டுபோனால் என்ன ஆகும்? 1996இல் பிரான்ஸில் கிறிஸ்தியான் ஸ்போல்டிங்கும் சகாக்களும் வெளியிட்ட கணக்கு இது. மணிக்கட்டு வழி ஆஞ்சியோகிராம் முடிந்தவர்களின் நாடிக்குழாயைச் சோதித்தார்கள். ஹெப்பாரின் போடாதவர்களில் 100க்கு 71 பேருக்குக் குழாய் அடைத்திருந்தது. 2,000 அல்லது 3,000 யூனிட் போட்டவர்களில் 24. 5,000 யூனிட் போட்டவர்களில் 4.3.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் பட்டியல்களோடு வாழ்ந்தவன். ஒரு பட்டியலில் மூன்று வரியில் இவ்வளவு தெளிவாக விஷயம் கிடைப்பது அபூர்வம். நம் கடைகளில் பரவலாகக் கிடைக்கும் குப்பியில் ஒரு மில்லியில் 5,000 யூனிட் இருக்கிறது. அந்த ஒரு மில்லி மருந்துக்காக 100 பேரில் 66 பேரின் நாடி காத்திருந்தது. இதில் கவனிக்க வேண்டியது, அந்த 71 பேரில் அநேகமாக யாரும் கை வலிக்கிறது என்று வந்திருக்க மாட்டார்கள். புகார் வராத இடத்தில் கோப்பு திறப்பதில்லை என்பது எங்கள் ஆபீஸுக்கு மட்டும் உள்ள குணமல்ல. யாரோ ஒருவர் புகார் இல்லாத கையையும் தூக்கிப் பார்த்ததால்தான் இந்தக் கணக்கு கிடைத்தது.

அதிலிருந்து மணிக்கட்டு வழி என்றால் வெறும் படமாக இருந்தாலும் ஹெப்பாரின் என்பது வழக்கமாயிற்று. பொதுவாக 5,000 யூனிட், அல்லது உடல் எடையில் கிலோவுக்கு 50 யூனிட். நாடிக்குழாயிலேயே செலுத்தினாலும் சரி, நரம்பில் செலுத்தினாலும் சரி, பலன் ஒன்றுதான் என்று பிறகு பார்த்தார்கள். கிரேக்க நாட்டில் ஒரு குழு கிலோவுக்கு 100 யூனிட் வரை கூட்டிப் பார்த்ததில் அடைப்பு இன்னும் குறைந்தது: 8.1லிருந்து 3.0.

ஆனாலும் மிச்சம் ஒரு பங்கு இருந்துகொண்டே இருந்தது. மருந்தைக் கூட்டிக்கொண்டே போனால் தொடையில் பட்ட பாடு வேறு இடத்தில் வரும். அப்போதுதான் கவனம் ஊசியிலிருந்து கட்டுக்குத் திரும்பியது. ரத்தம் நிற்க வேண்டும் என்று இறுக்கிக் கட்டுவதே அடைப்புக்குக் காரணமோ?

இந்தக் கேள்வியில் இரண்டு இந்தியப் பெயர்கள் வருகின்றன. அமெரிக்காவில் பணிபுரியும் சமீர் பஞ்சோலி, அகமதாபாத்தின் தேஜஸ் பட்டேல். 2008இல் அவர்கள் குழு 436 பேரிடம் நடத்திய ஆய்வுக்கு ப்ரொஃபெட் என்று பெயர். ஒரு பாதிப் பேருக்கு வழக்கம்போல இறுக்கமான கட்டு. மற்ற பாதிக்கு, ரத்தம் வெளியே வராத அளவுக்கு மட்டும் அழுத்தம், குழாய்க்குள்ளே ஓட்டம் இருக்கவேண்டும். ஓட்டம் இருக்கிறதா என்று பார்க்க ஒரு தந்திரம். கட்டைவிரலில் ஆக்ஸிமீட்டரை மாட்டுவார்கள். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினோமே, அதுதான். பிறகு சுண்டுவிரல் பக்கத்துக் குழாயை விரலால் அழுத்தி மூடுவார்கள். அப்போதும் அலை தெரிந்தால் நாடிக்குழாயில் ரத்தம் ஓடுகிறது என்று பொருள். அலை படுத்துவிட்டால் கட்டைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். எட்கர் ஆலன் என்பவர் 1929இலேயே கையை மூடித் திறந்து நிறம் திரும்புகிறதா என்று பார்க்கும் சோதனையை எழுதிவைத்திருந்தார். கியூபெக்கின் ஜெரால்ட் பார்போ 2004இல் அதை ஆக்ஸிமீட்டருக்கு மாற்றினார். மறுநாள் பார்த்தபோது இறுக்கிக் கட்டியவர்களில் 12 சதவீதம் அடைப்பு, ஓட்டம் விட்டுக் கட்டியவர்களில் 5. ஒரு மாதம் கழித்து 7க்கு 1.8.

ஓடுகிற வாய்க்காலில் வண்டல் தங்காது என்பது விவசாயிக்குத் தெரிந்த சங்கதி. ஆஸ்பத்திரிக்கு அது வந்துசேர நாளாயிற்று.

எனக்குக் கட்டியது ஒரு கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பட்டை. உள்ளே சின்ன பலூன், சிரிஞ்சால் காற்று ஏற்றுவார்கள். ஜப்பான் டெருமோ கம்பெனியின் பட்டை பிரசித்தம். இப்போது வேறு பலரும் செய்கிறார்கள். நடுக்காட்டுப் பிள்ளை மாதிரி இருந்த ஒரு சின்னப் பெண் நர்ஸ், அரைமணிக்கு ஒருமுறை வந்து கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை எடுத்து, கட்டைவிரலைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் போனாள். "ஏம்மா, மொத்தமா எடுத்துடலாமே?" என்றேன். "ரத்தம் பீச்சிடும் தாத்தா" என்றாள். "அப்ப இறுக்கியே வச்சிடலாமே?" என்றேன், விடாமல். "நாடி போயிடும் தாத்தா." இரண்டு வாக்கியத்தில் நான் மேலே எழுதியதெல்லாம் அடங்கிவிட்டது.

அடைத்தது உடனே தெரிந்தால் திறக்கவும் வழியுண்டு. செக் நாட்டின் பில்சென் நகரத்தில் (பீருக்குப் பேர்போன ஊர்) ஈவோ பெர்நாட் என்பவர் 2011இல் எழுதினார். நாடிக்குழாய் அடைத்திருந்தால், சுண்டுவிரல் பக்கத்துக் குழாயை ஒரு மணி நேரம் அழுத்தி மூடிவைக்கிறார். ஒரு வாய்க்காலை அடைத்தால் மற்றதில் நீர் வேகமெடுக்கும், புதிய கட்டி கரைந்து போகும். 5,000 யூனிட் ஹெப்பாரின் பெற்றவர்களில் 2.9 சதவீதமாக இருந்த அடைப்பு அதற்குப் பின் 0.8 ஆனது. 2,000 யூனிட் பெற்றவர்களில் 5.9லிருந்து 4.1 வரைதான் இறங்கியது. மருந்து போதாதபோது கைவித்தையும் பாதிதான் பலிக்கிறது. அடைப்பு வரும்வரை காத்திருப்பானேன் என்று பஞ்சோலியும் பெர்நாட்டும் பட்டேலும் சேர்ந்து, ரத்தம் நிறுத்தும்போதே சுண்டுவிரல் பக்கத்தை அழுத்திவைத்து 3,000 பேரிடம் பார்த்தார்கள். 2016இல் வெளியான முடிவு: ஒரு மாதத்தில் அடைப்பு 3.0 சதவீதத்திலிருந்து 0.9. இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு பட்டை, ஒரு ஆக்ஸிமீட்டர், கவனிக்க ஒரு ஆள். அந்தக் கடைசிச் சாமான்தான் நம் வார்டுகளில் தட்டுப்பாடு. 2009இல் கலைஞர் காப்பீடு, 2012இல் முதலமைச்சரின் விரிவான காப்பீடு என்று வந்தபின் ஆஞ்சியோ சாமானியனுக்கும் எட்டியது, நல்ல காரியம். கூட்டமும் அதற்கேற்பக் கூடியது. நாற்பது கட்டிலுக்கு இரண்டு நர்ஸ் என்றால் அரைமணிக்கு ஒருமுறை யார் காற்றைக் குறைப்பது?

ஹெப்பாரினின் ஆயுள் குறைவு என்று சொன்னேன். கட்டை அவிழ்த்து வீட்டுக்கு வருவதற்குள் அதன் காவல் முடிந்துவிடுகிறது. சுவரின் காயமோ ஆற நாளாகும். அந்த இடைவெளிக்காக அண்மையில் கனடாவின் ஒட்டாவாவில் 1,800 பேரிடம் ரிவரோக்ஸபான் என்ற மாத்திரையைச் சோதித்தார்கள். கால் நரம்பில் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் இருதயத் துடிப்பு தாறுமாறாக இருப்பவர்களுக்கும் கொடுக்கிறார்களே, அதேதான். ஆஞ்சியோவுக்குப் பின் ஏழு நாள், தினம் 15 மில்லிகிராம். ஒரு மாதத்தில் அடைப்பு 3.8 சதவீதத்திலிருந்து 2.0. பாதிதான் என்றாலும் பாதி. அதற்காக எல்லோருக்கும் ஏழு நாள் மாத்திரை கொடுப்பதா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. 55 பேர் சாப்பிட்டால் ஒருவரின் நாடி தப்பும் என்று கணக்கு வருகிறது. ஏற்கெனவே ஆஸ்பிரின், க்ளோப்பிடோக்ரெல் சாப்பிடுகிற வயதானவருக்கு மூன்றாவதாக ஒன்று சேர்ந்தால் வயிற்றில் கசிவு வராதா என்பதும் இருக்கிறது. டாக்டர்தான் ஆளைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும். இதைப் படித்துவிட்டு மருந்துக்கடையில் போய் யாரும் கேட்டுவிடாதீர்கள். ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்புமுன், "நாடி இருக்குதாம்மா, ஒரு தடவை பார்த்துடு" என்று கேட்பதற்கு மட்டும் யார் அனுமதியும் வேண்டாம்.

வாசலைத் திறந்தவர்களில் ஒருவரான கீமனேயே 2017இல் இன்னொரு வாசலைக் காட்டினார். மணிக்கட்டுக்கும் கீழே, கட்டைவிரலை விறைப்பாக நீட்டினால் அதன் அடியில் ஒரு குழி விழுகிறதல்லவா, நாடிக்குழாயின் கிளை அங்கேயும் ஓடுகிறது. அங்கே துளைத்து, அங்கே அடைத்தாலும் மணிக்கட்டு ஓட்டம் மிஞ்சும் என்பது யோசனை. அந்தக் குழிக்கு உடற்கூறு நூல்களில் மூக்குப்பொடி டப்பி என்று பெயர். எங்கள் பிரெஞ்சு வாத்தியார் 'தபாத்தியேர் அனத்தோமிக்' என்று சொல்லி, தன் கட்டைவிரலை நீட்டி, அந்தக் குழியில் பொடியை வைத்து உறிஞ்சிக் காட்டுவார். வகுப்பே தும்மும். 2022இல் வெளியான டிஸ்கோ ரேடியல் என்ற ஆய்வில் 1,307 பேரை மணிக்கட்டு, பொடிக்குழி என்று பிரித்தார்கள். ஹெப்பாரின், சிறிய உறை, ஓட்டம் விட்ட கட்டு என்று எல்லாவற்றையும் இரு பக்கமும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது பொடிக்குழிக்காரர்களில் 0.31 சதவீதத்துக்கும், பழைய மணிக்கட்டுக்காரர்களில் 0.91 சதவீதத்துக்கும் நாடிக்குழாய் அடைத்திருந்தது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எழுதினார்கள். என் கண் 0.91இல்தான் நின்றது. 1996இல் அதே இடத்தில் 71 இருந்தது.